சாலையை மறிப்பவர்களிடம் ஒரு டயாலிசிஸ் செவிலியின் வேண்டுகோள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே வெருலம், தொங்காட் பகுதியில், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையில் பல ஆண்டுகளாக நோயாளிகளைக் கவனித்துவரும் செவிலி நான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொங்காட் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, மாதக்கணக்கில் மக்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றதைப் பார்த்தவள் என்பதால், தண்ணீர் கேட்டுச் சாலையில் இறங்குபவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. டயாலிசிஸிலும் ஒருவருக்கு நான்கு மணி நேரம் இயந்திரம் ஓடவே ஏறக்குறைய 120 லிட்டர் தூய நீர் வேண்டும்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை விடியலில், எரியும் டயர்களுக்கு இப்பால் நின்ற வாகன வரிசையில், எனக்கு மூன்று கார் முன்னால் என் நோயாளியான தாத்தா ஒருவர் இருந்தார். வீங்கிய கால்கள் செருப்புக்குள் நுழையாமல் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தவர், "மூச்சு முட்டுது சிஸ்டர்" என்றார். திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்குச் சனியும் ஞாயிறும் சிகிச்சை இல்லை; அந்த இடைவெளியில் உடலில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து, இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய நாள் திங்கட்கிழமைதான்.

மறித்து நின்ற இளைஞர்களிடம் சொன்னதும் அவர்களே கல்லைப் புரட்டி வழிவிட்டார்கள். "ஆம்புலன்சை நாங்க நிறுத்தவே இல்லையே ஆன்ட்டி" என்றார் ஒருவர். அது உண்மைதான். ஆனால் டயாலிசிஸ் நோயாளி சுழல் விளக்கோடு வருவதில்லை. மகனின் காரிலோ மினிபஸ் டாக்சியிலோ வருகிறார்.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தருகிறது. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்தும் 1993ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு நாள் முன்பே உள்ளாட்சிக்கு அறிவிக்கச் சொல்கிறது. 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின் இது தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அறிவிக்காததற்கான குற்றத் தண்டனைதான் நீங்கியதே தவிர, அறிவிக்கும் கடமை நீங்கவில்லை. அதிகாரிக்குப் பணிவதாக எண்ணி அதைத் தவிர்க்காதீர்கள். முந்தின நாளே எங்கள் மையத்துக்கும் ஒருவர் தொலைபேசியில் சொன்னால், நோயாளிகளின் நேரத்தை மாற்றிவிடுவோம். தண்ணீர் தர மறுத்த அதிகாரி வேறு வழியாக அலுவலகம் போய்விடுவார். மறியலின் விலையை அந்தத் தாத்தா கொடுப்பதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நோயாளிகளே, சிகிச்சை அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். வழி அடைபட்டால் உடனே மையத்தை அழையுங்கள். சிகிச்சை கிடைக்கும்வரை பொட்டாசியம் மிகுந்த வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு வேண்டாம். தண்ணீரையும் அளந்தே குடியுங்கள். மூச்சு முட்டினாலோ, கைகால் தளர்ந்தாலோ வழி திறக்கும்வரை காத்திராமல் எட்டும் தூரத்திலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.