டக்கென்று அடித்தது யார்?

பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டு மீன்தொட்டிக்குப் புதிதாக ஒரு லைவ் ராக், அதாவது கடல் உயிர்கள் ஒட்டி வாழும் கல், வந்தது. அன்றிலிருந்து விளக்கை அணைத்தால் போதும், ‘டக்’கென்று ஒரு சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று மாமா விரலால் தடவிப் பார்த்தார். சத்தம் கல்லுக்குள் இருந்துதான் வருகிறது என்று தெரிந்ததும், “சுடுதண்ணில போட்டுறலாம்” என்றார். நான் விடவில்லை. அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் சில உயிர்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்பி ஆளையே படுக்க வைத்துவிடும்.

இப்படிச் சத்தம் போடும் விருந்தாளிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, நம் ஊர்க் கடலுணவுக் கடைகளில் ஊடாங் லிப்பான் (மாண்டிஸ் இறால்) என்று விற்கிறார்களே, அதன் இனம். பெயரில்தான் இறால், உண்மையில் இறால் வரிசையிலேயே சேராது. அதிலே சம்மட்டிக்கை கொண்ட வகை நத்தை ஓட்டையும் நண்டையும் உடைத்துத் தின்னும். மற்றொன்று துப்பாக்கி இறால். மீன்களுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லாதது.

சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. முதலில் நத்தைகளை எண்ணினோம். ஓர் ஓடுகூட உடைந்திருக்கவில்லை. பிறகு டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் காத்திருந்தோம். சிவப்பு வெளிச்சத்தை இத்தகைய உயிர்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. முதலில் நீண்ட மீசை இரண்டு துழாவின. பின்னால் ஒரு கை, உடம்பில் பாதியளவு. இன்னொரு கை சிறியது. லிப்பானுக்கு இருப்பதுபோல் காம்பின் மேல் தனித்தனியாகச் சுழலும் கண்களைக் காணோம். ஓட்டுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் மட்டும். துப்பாக்கி இறாலேதான்!

அந்தப் பெரிய கையில்தான் அற்புதம் இருக்கிறது. அசையும் விரலில் ஒரு முளை, அசையாத விரலில் அதற்கேற்ற குழி. விரல் மூடும்போது முளை குழிக்குள் பாய, அங்கிருந்த நீர் பீய்ச்சி அடிக்கிறது. அந்த வேகத்தில் நீரின் அழுத்தம் சட்டென விழுந்து ஒரு குமிழி பிறக்கிறது. சுற்றியுள்ள நீர் அதை நசுக்கும்போது வெடிப்பதுதான் ‘டக்’. விரல்கள் மோதும் ஓசை என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்; அதிவேகக் கேமரா 2000ஆம் ஆண்டில்தான் குமிழியைக் காட்டிக்கொடுத்தது. மறு ஆண்டே, குமிழி நசுங்கும் கணத்தில் மின்னும் நுண்ணொளியையும் பதிவு செய்தார்கள். உள்ளே வெப்பம் குறைந்தது 5,000 கெல்வின்! சிறு நண்டோ குட்டி மீனோ அந்த அதிர்ச்சியில் மயங்கினால், அதுவே இரை.

மாமா அந்தக் கல்லை எடுக்கவில்லை. இப்போது இரவில் ‘டக்’ கேட்டால், “சாப்பாடு கிடைச்சிருச்சு போல” என்கிறார்.