‘கள்ளத்தோணி’ என்ற சொல்

கொழும்பு செட்டியார் தெருவுக்குத் தொழில் செய்யப் போன நகரத்தாரைச் செட்டிநாட்டில் ‘கொண்டுவிற்கப் போனவர்’ என்பார்கள். அதே ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமையிலிருந்து அதே இலங்கைக்குத் தேயிலைத் தோட்டக் கூலியாகப் போனவரின் பிள்ளைகளுக்கு வாய்த்த பெயர் ‘கள்ளத்தோணி’.

கள்ளம் என்றால் மறைவு, களவு. அதிகாரிகள் கண்ணில் படாமல் கடல் கடக்கும் படகுதான் கள்ளத்தோணி. படகின் பெயர் பிறகு அதில் வந்தவர் மேல் ஏறியது. கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை என்று பொருளுக்கும் வணிகத்துக்கும் இட்ட அடைமொழியை மனிதருக்கு இட்டதும், அவர் பிறப்பே குற்றம் என்றாகிவிடுகிறது.

தோணியில் ஒளிந்து போனவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரியான கங்காணி திரட்டி, ஆங்கில அரசு அறிய அழைத்துச் செல்லப்பட்டவர்கள். மண்டபம் முகாமில் பரிசோதனை, எண் பொறித்த தகரத் துண்டு, 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இதில் கள்ளம் எங்கே?

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. சிங்களமும் இச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. மேடையும் பத்திரிகையும் அதைத் தோட்டத்திலேயே பிறந்த பேரப்பிள்ளை வரை நீட்டின. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்தார்கள். ‘கள்ளத்தோணி’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இன்றைய தமிழ்ச் செய்திகளில் ‘கள்ளக்குடியேறி’, ‘ஊடுருவல்காரர்’ என்று படிக்கும்போது அந்தப் பழைய சொல்தான் நினைவுக்கு வருகிறது. ஊடுருவல் படைக்குரிய சொல். அதைப் படிப்பவர் கண்ணில் சாந்துச்சட்டி சுமப்பவர் தெரிவதில்லை, எதிரிதான் தெரிகிறான். தேர்தல் மேடைக்கு அந்த எதிரி வேண்டியிருக்கிறது. பத்திரிகைக்கு ஏன் வேண்டும்? அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013இல் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்பதைக் கைவிட்டது. சட்டவிரோதம் செயலுக்குரிய சொல், ஆளுக்குரியதல்ல என்பது அதன் நிலைப்பாடு.

தமிழில் தகுந்த சொல் ‘ஆவணமற்ற குடியேறி’. விமானத்தில் முறையாக வந்து விசா காலாவதியானவரையும் அது தவறின்றிக் குறிக்கும். அவர் எந்தத் தோணியிலும் ஏறியவரல்லர். குற்றத்தைச் சொல்லியே தீர வேண்டுமென்றால் வினைச்சொல் இருக்கிறது: ‘அனுமதியின்றி எல்லை கடந்தார்’, ‘விசா முடிந்தும் தங்கினார்’. உரிமமில்லாமல் வண்டி ஓட்டியவரைப் பற்றி அப்படித்தானே எழுதுகிறோம்.