ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, ஆறு ஏன் சாகிறது?

கழிவுநீர் சுத்திகரிப்பில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்கள் தினமும் பார்க்கும் காகிதம் ஒன்று உண்டு: பரிசோதனை ரிப்போர்ட். பிஓடி இவ்வளவு, டிஎஸ்எஸ் (தண்ணீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள்) இவ்வளவு, பிஎச் (அமில-காரத் தன்மை) இவ்வளவு, எல்லாம் வரம்புக்குள், கீழே ஒரு கையெழுத்து. "எல்லாம் சரின்னுதானே போட்டிருக்கு, அப்புறம் ஏன் சார் ஆத்துல மீன் செத்து மிதக்குது?" என்று யாராவது கேட்டால், விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைக்காதீர்கள். கேள்வி நியாயமானது, அந்தக் காகிதத்தில்தான் அதற்குப் பதில் இல்லை.

முதலில் இந்த பிஓடி என்பதைப் பார்த்துவிடலாம். 300 மில்லி கண்ணாடி பாட்டிலில் காற்றுக்குமிழி ஒன்றுகூடத் தங்காதபடி சாம்பிளை (தேவையான அளவு நீர் கலந்து) நிரப்பி, மூடியைச் சுற்றியும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, 20 டிகிரியில் இருட்டில் 5 நாள் வைக்கிறோம். வைத்தபோது கரைந்திருந்த ஆக்சிஜன் எவ்வளவு, எடுக்கும்போது எவ்வளவு, அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு. ஆக, அழுக்கைத் தின்ற பாக்டீரியா எவ்வளவு ஆக்சிஜனைக் காலி செய்தது என்பதைத்தான் அளக்கிறோம்.

விஷமே இல்லாத பொருள்கூட ஆற்றைக் கொல்வது இப்படித்தான். வீட்டுக் கழிவுநீரின் பிஓடி சாதாரணமாக லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். பாலுக்கு? சுமார் 1 லட்சம். ஆனால் 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துவைத்திருக்கும் ஆக்சிஜன் வெறும் 8 மில்லிகிராம் சொச்சம். ஒரு லிட்டர் பாலைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்குக் கிட்டத்தட்ட 12,000 லிட்டர் தண்ணீரின் ஆக்சிஜன் முழுவதும் வேண்டும், மீனுக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல். காற்றிலிருந்து ஆக்சிஜன் திரும்பவும் ஆற்றில் கரையும், அதனால்தான் ஆறு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்கிறோம், ஆனால் அதற்கு நேரமும் ஓட்டமும் வேண்டும். இந்த இழுபறியில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவது பெரும்பாலும் குழாய் வாயில் இல்லை, கழிவு கலந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே. அதுவும் பாசி நிறைந்த தண்ணீர் என்றால், இரவெல்லாம் பாசியும் சேர்ந்து சுவாசித்து, விடிகாலையில் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். குழாய்க்குப் பக்கத்தில், வெயில் ஏறிய பிறகு சாம்பிள் எடுத்துவிட்டு வந்தால் ஆறு அழகாகத்தான் தெரியும்.

சரி, வரம்புக்கு வருவோம். உலகில் பல நாடுகளின் கழிவுநீர் வரம்புகளுக்கு முன்னோடி, பிரிட்டனின் கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணையம் 1912-இல் சொன்ன 20:30 என்ற அளவு. லிட்டருக்கு பிஓடி 20 மில்லிகிராம், திடப்பொருள் 30 மில்லிகிராம். எல்லாருக்கும் எண்கள் நினைவிருக்கின்றன. அந்த எண்களோடு ஒட்டியிருந்த நிபந்தனையைத்தான் பலர் விட்டுவிட்டார்கள்: கழிவுநீர் ஒரு பங்கு விழுந்தால், அதைக் கலக்க ஆற்றில் சுத்தமான தண்ணீர் குறைந்தது எட்டுப் பங்காவது ஓட வேண்டும். கோடையில் மேலே அணை கட்டி நிறுத்திய ஓர் ஆற்றில் எட்டுப் பங்குக்கு எங்கே போவது? பல இடங்களில் அந்த மாதங்களில் ஆற்றில் ஓடுவதே கழிவுநீர்தான். தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் பிடிக்கும் அளவும் குறையும் (20 டிகிரியில் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை), பாக்டீரியாவின் பசி மட்டும் கூடும். ரிப்போர்ட்டில் இருக்கும் எண் மாறவில்லை, ஆறு மாறிவிட்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. வரம்பு பெரும்பாலும் லிட்டருக்கு இவ்வளவு என்றே இருப்பதால், நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் எண் இறங்கிவிடும். ஒரு நாளைக்கு 10 லட்சம் லிட்டர், லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால் ஆற்றுக்குப் போகும் சுமை 60 கிலோ. அதே அளவு நல்ல தண்ணீரைச் சேர்த்து 20 லட்சம் லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 30, சுமை அதே 60 கிலோ. நல்ல தண்ணீரும் வீண், ஆற்றுக்கும் லாபமில்லை, ரிப்போர்ட் மட்டும் பாஸ். இதை 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்களை எனக்கு நேரிலேயே தெரியும்.

பிஓடி காட்டாத விஷயம் பாஸ்பரஸ். ஒரு கிலோ பாஸ்பரஸ், மற்றச் சத்துகளும் கிடைத்தால், உலர் எடையில் நூறு கிலோவுக்கு மேல் பாசியை வளர்த்துவிடும், அந்தப் பாசி செத்து அழுகும்போது மறுபடியும் அதே ஆக்சிஜன் பஞ்சம்.

இதுவரை சொன்னது ஆற்றால் செரிக்க முடிந்த அழுக்கு. செரிக்கவே முடியாதவற்றுக்கு 'கலந்தால் கரைந்துபோகும்' என்ற வாதமே செல்லாது. ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவைக் கடலுக்கு விட்டது. கடல் பெரிதுதான். ஆனால் மீதைல் பாதரசம் நுண்ணுயிரிலிருந்து சிறுமீன், சிறுமீனிலிருந்து பெருமீன் என்று ஏறும்போது ஒவ்வொரு படியிலும் செறிவு கூடிக்கொண்டே போய், மீன் தின்ற மனிதர்களின் நரம்பு மண்டலத்தில் வந்து நின்றது. அந்த நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956-இல். அதன் பிறகும் பன்னிரண்டு ஆண்டு அந்தக் குழாய் மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். காற்றிலும் இதே கதைதான். கனடாவின் சட்பரியில் இருந்த நிக்கல் உருக்காலையில் 1972-இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கியை இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் காற்று தேறியது, கந்தக டை ஆக்சைடு தூரத்து ஏரிகளுக்குப் போனது.

நிலைத்த வளர்ச்சி என்றதும் 1987-இல் பிரன்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கத்தைச் சொல்வார்கள்: வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் இல்லாமல் இன்றைய தேவையைப் பூர்த்தி செய்வது. மேடைக்கு நல்ல வரி, பிளான்ட் நடத்துபவருக்கு அதை வைத்து ஒரு வால்வைக்கூடத் திருப்ப முடியாது. எனக்கு உதவியது பொருளியலாளர் ஹெர்மன் டேலியின் விதி. புதுப்பிக்கக்கூடிய வளத்தை அது மீண்டும் வளரும் வேகத்துக்கு மேல் எடுக்காதே, கழிவை இயற்கை செரிக்கும் வேகத்துக்கு மேல் விடாதே. புதுப்பிக்க முடியாததை எடுத்தால், மாற்று உருவாகும் வேகத்தைத் தாண்டாதே. இரண்டாவதை ஆற்றில் கணக்கிட்டே பார்க்கலாம்: கோடையின் குறைந்தபட்ச ஓட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் மொத்தம் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்து, அதைக் கரையில் இருக்கும் அத்தனை குழாய்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். அந்தப் பங்கு முடிந்துவிட்டால் புதுக் குழாய்க்கு இடமில்லை, அவ்வளவுதான். தொழிலுக்கு எதிரான பேச்சு இல்லை இது, கழிவைப் பிறக்கும் இடத்திலேயே குறைப்பவருக்கு அந்தப் பங்கிலேயே விரிவாக்கவும் இடம் கிடைக்கும்.

அடுத்த முறை யாராவது ரிப்போர்ட்டை நீட்டினால், ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர், மொத்தம் எத்தனை கிலோ, எந்த மாதத்து சாம்பிள், அன்று ஆற்றில் எவ்வளவு ஓடியது என்று கேளுங்கள். சேறு எங்கே போகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் பிளான்ட்டில் பாக்டீரியா தின்ற அழுக்கில் ஏறக்குறைய பாதி, பாக்டீரியாவின் உடம்பாக மாறி அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. லாரி ராத்திரியில் கிளம்பிப் போய் அதே ஆற்றங்கரையில் கொட்டிவிட்டு வந்தால், அந்த பாக்டீரியாவுக்குக் காற்று கொடுக்கப் பகலெல்லாம் ஓடிய காற்றூதிகளின் மின்சாரக் கட்டணம் மட்டும்தான் மிச்சம்.