கண்காணிப்பா, வேவா?

"கண்காணிப்பு அமைப்புகளின் மீது போதிய கண்காணிப்பு இல்லாததால்தான் கண்காணிப்பு முறைகேடுகள் நடந்தன."

நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தபோது இந்த வரியில் நின்றுவிட்டேன். எஃப்பிஐ, சிஐஏ போன்ற அமைப்புகள் சொந்தக் குடிமக்களையே பின்தொடர்ந்த விவகாரத்தை விசாரிக்க அமெரிக்க செனட் 1975-ல் ஒரு குழு அமைத்தது. கட்டுரை அதைப் பற்றியது. ஒரே வரியில் மூன்று கண்காணிப்பு. முதலாவதும் மூன்றாவதும் ஆங்கில மூலத்தில் சர்வெய்லன்ஸ்; நடுவில் இருப்பது ஓவர்சைட். ஒன்று, ஆளுக்குத் தெரியாமல் ஒளிந்து பார்ப்பது. மற்றது, அப்படிப் பார்ப்பவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கணக்குக் கேட்பது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வேலைகள். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

நண்பர்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தச் செய்தியைத் திறந்தாலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எதிர்க்கட்சித் தலைவர்களின் தொலைபேசியில் யாரோ புகுந்துவிட்டதாகப் புகார் வந்தால் அது "கண்காணிப்பு விவகாரம்". ஆளுங்கட்சி மறுத்தால் "கண்காணிப்புக் குற்றச்சாட்டுக்கு மறுப்பு". கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. பழகிவிட்டதாலேயே சரியான சொல் ஆகிவிடாது.

சர்வெய்லன்ஸ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சுர் என்றால் மேல், வேயே என்றால் விழித்திருந்து பார்த்தல். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793-ல், ஊர்தோறும் இந்தப் பெயரில் குழுக்கள் அமைக்கப்பட்டன. சந்தேகத்துக்கு உரியவர்களைப் பட்டியல் போடுவது அவற்றின் வேலை. அந்தக் கொந்தளிப்பை ஒட்டித்தான் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. சந்தேகப்படுதல், பட்டியல் போடுதல் இரண்டும் அதன் பொருளில் அப்போதே ஒட்டிக்கொண்டன.

சரி, கண்காணிப்புக்கு வருவோம். நல்ல பழைய சொல். கண் வைத்துக் காண்பவர் கண்காணி. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் "ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி" என்று வரும். கோயிலுக்கு எழுதிவைத்த அறக்கட்டளை ஒழுங்காக நடக்கிறதா, விளக்கு எரிகிறதா, நெல் அளக்கப்படுகிறதா என்று மேற்பார்க்கும் பொறுப்பு அது. பெயரைக் கல்லில் வெட்டி ஊரறியச் செய்த பொறுப்பு. பிறகு இலங்கை, மலேயாத் தோட்டங்களில் அதே சொல் கங்காணி ஆனது. கங்காணிகள் செய்த கொடுமைகள் தனிக்கதை. ஆனால் தொழிலாளிக்குக் கங்காணி யார் என்று தெரியும். காலையில் பெயர் கூப்பிட்டவனும் அவன்தான், வரிசையில் நின்று வேலை பார்க்கவைத்தவனும் அவன்தான். கண்காணிப்பில் பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒருவரையொருவர் அறிவார்கள்.

இன்றும் அப்படித்தான். தேர்வு அறைக் கண்காணிப்பாளர் நம் கண்முன் நடக்கிறார். காவல் கண்காணிப்பாளர் அலுவலக வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆற்றின் நீர்மட்டத்தைக் கண்காணிக்கிறார்கள், தொற்றுநோய் பரவுவதைக் கண்காணிக்கிறார்கள். தெருவோரக் கேமராவைக்கூடக் கண்காணிப்புக் கேமரா என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. இந்த இடம் கண்காணிக்கப்படுகிறது என்று பலகை மாட்டித்தானே வைக்கிறார்கள். இத்தனைக்கும் பொருந்துகிற சொல்லை ஒருவருடைய செல்பேசிக்குள் அவருக்கே தெரியாமல் நுழைந்து படங்களையும் செய்திகளையும் அள்ளிக்கொண்டு போகும் வேலைக்கும் வைத்தால், அந்த வேலைக்கு ஒரு நிர்வாகச் சாயல் வந்துவிடுகிறது. ஏதோ அரசு தன் கடமையைச் செய்ததுபோலவும், கொஞ்சம் கூடுதலாகச் செய்துவிட்டதுபோலவும் படிக்கிறவருக்குத் தோன்றும்.

"எதிர்க்கட்சித் தலைவர் தீவிரக் கண்காணிப்பில்" என்று ஒரு தலைப்பை எழுதிப் பாருங்கள். அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைப்போம். ஒரு சொல் எங்கே எல்லாம் பழகியிருக்கிறதோ, அந்த இடங்களின் வாசனையைத் தூக்கிக்கொண்டுதான் வரும்.

"கண்காணிப்பு நடுநிலைச் சொல், வேவு என்று எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும்" என்று நண்பர் வாதாடினார். இந்த வாதத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஒப்புக்கொள்ள முடியவில்லை. வேவு என்ற சொல்லில் குற்றம் எதுவும் ஒட்டியில்லை. தொல்காப்பியம் வெட்சித் திணையின் துறைகளைச் சொல்லும்போது "ஒற்றின் ஆகிய வேயே" என்கிறது. ஒற்றர்கள் போய் அறிந்துவந்த செய்தி வேய். அந்த வேய்தான் வேவு. ஆநிரை கவரப் போகும் படைக்கு அது முறையான போர்ச்செயல். திருக்குறள் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறது. ஒற்று அங்கே அரசனுக்கு ஒரு கண். யாரையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறது:

வினைசெய்வார் தம்சுற்றம் வேண்டாதார் என்றாங்கு
அனைவரையும் ஆராய்வது ஒற்று.

தனக்கு வேலை செய்பவர்கள், தன் சொந்தக்காரர்கள், வேண்டாதவர்கள் என எல்லாரையும். வேண்டாதாரை மட்டும் என்று குறள் சொல்லவில்லை. தன் ஆட்களை விட்டுவிட்டு எதிரணியை மட்டும் துருவுவது அந்தக் கணக்கிலேயே சேராது. ஒரு ஒற்றன் சொன்னதை அப்படியே நம்பாதே, இன்னொரு ஒற்றனை விட்டுச் சரிபார் என்றும் அடுத்தடுத்துச் சொல்கிறது. இப்படி முறையும் எல்லையும் வகுத்துப் பேசப்பட்ட ஒரு வேலையின் பெயர் எப்படி வசைச்சொல் ஆகும்? நீதிமன்ற ஆணை வாங்கி ஒரு குற்றவாளியைப் பின்தொடர்ந்தாலும் அது வேவுதான். ஆணை இல்லாமல் அரசியல் எதிரியைப் பின்தொடர்ந்தாலும் வேவுதான். முறையானதா இல்லையா என்பதை வாக்கியம் சொல்லட்டும். என்ன நடந்தது என்பதைச் சொல்வதுதான் சொல்லின் வேலை.

நடுநிலை வேண்டும் என்கிறவர்கள் தமிழின் இலக்கணத்தைக் கொஞ்சம் நம்பலாம். "வேவு பார்த்தது" என்றால் உறுதி. "வேவு பார்த்ததாக" என்று எழுதிவிட்டால் அது இன்னொருவர் சொல்வது, நாம் சான்று சொல்லவில்லை. ஒரு "ஆக" போதும். அதை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லை மழுங்கடித்து நடுநிலை தேடுவது ஏன்?

ஒற்று என்றே எழுதலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைய வாசகருக்கு ஒற்று என்றால் புள்ளி வைத்த எழுத்து. ஒற்றுப்பிழை, ஒற்று மிகும் இடம். தலைப்பில் போட்டால் இலக்கணக் கட்டுரை என்று நினைப்பார்கள். வேவுக்கு அந்தத் தொல்லை இல்லை. "என்ன, வேவு பார்க்க வந்தியா?" என்று சண்டையில்கூடக் கேட்கிற சொல் அது.

உளவு கொஞ்சம் பலமான போட்டி. உளவுத்துறை, உளவு மென்பொருள் என்று ஊன்றிவிட்டது. அவற்றை அசைக்கச் சொல்லவில்லை. ஆனால் உளவு பெரிய வட்டம். தகவல் திரட்டுவது, சலிப்பது, அறிக்கை எழுதி மேலிடத்துக்குக் கொடுப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டித் தயாரித்த அறிக்கையும் உளவு அறிக்கைதான். ஒருவர் எங்கே போகிறார், யாரிடம் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று அவர் அறியாமல் தொடர்ந்து பார்ப்பது அந்த வட்டத்துக்குள் இருக்கும் ஒரு செயல். அதற்கு வேவு. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் "உளவுத்துறை வேவு பார்த்தது" என்று தெளிவாக எழுதலாம்.

அப்புறம் ஒட்டுக்கேட்பு. சுவரில் காதை ஒட்டிக் கேட்ட காலத்துச் சொல் தொலைபேசிக்கு அழகாகப் பொருந்தியது. 1988-ல் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகியது தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில். அங்கே அதுதான் சரியான சொல். ஆனால் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்பு என்று எழுதுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. 1991 மார்ச் மாதம் ராஜீவ் காந்தியின் வீட்டருகே ஹரியானா சிஐடி காவலர்கள் இருவர் பிடிபட்டார்கள். வருகிறவர் போகிறவரைக் குறித்துக்கொள்ள அனுப்பப்பட்டவர்கள் என்று காங்கிரஸ் குற்றம்சாட்டியது. அந்தக் கட்சி வெளியிலிருந்து தந்த ஆதரவில்தான் அப்போது மத்திய அரசு ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 6 அன்று பிரதமர் சந்திரசேகர் பதவி விலகினார். அந்தக் காவலர்கள் யார் பேச்சையும் ஒட்டுக்கேட்டதாகப் புகார் இல்லை. வீட்டுக்கு வெளியே நின்றார்கள், அவ்வளவுதான். ஒரு ஆட்சி கவிழ அதுவே போதுமானதாக இருந்தது. அதை எந்தச் சொல்லால் எழுதுவீர்கள்? "கண்காணித்தார்கள்" என்றால் பாதுகாப்புக்கு நின்றவர்களோ என்று தோன்றும். "வேவு பார்த்ததாகப் புகார்" என்றால் குழப்பமே இல்லை.

இதே நாட்டின் நீதிமன்றத்தில் சர்வெய்லன்ஸ் என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசக் காவல்துறை விதி 236 அதைப் பட்டியலாகவே வைத்திருந்தது: வீட்டையும் வீட்டுக்கு வரும் வழியையும் ரகசியமாகக் காவல் வைத்தல், இரவில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தல், பழக்கவழக்கம், சேர்க்கை, வரவுசெலவு பற்றி விசாரித்தல், நடமாட்டத்தைத் தெரிவித்தல், எல்லாவற்றையும் சரித்திரப் பதிவேட்டில் எழுதிவைத்தல். கரக் சிங் என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரில் இரவு நேர வருகையை மட்டும் செல்லாது என்றது. நீதிபதி சுப்பா ராவ் இன்னொரு நீதிபதியோடு சேர்ந்து விதி முழுவதுமே செல்லாது என்று மாறுபட்டு எழுதினார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியலை மறுபடி படியுங்கள். கண்காணிப்பு என்ற பெயர் அதில் எந்த வரிக்குப் பொருந்துகிறது?

இன்னொரு மொழிபெயர்ப்பையும் சொல்லாமல் விட முடியவில்லை: இன்டர்செப்ஷனுக்கு "இடைமறிப்பு". இடைமறிப்பது என்றால் வழியில் நிறுத்துவது. பேருந்தை இடைமறித்தால் பேருந்து நின்றுவிடும். ஆனால் அழைப்பைக் கேட்கிறவர்கள் அதை நிறுத்துவதில்லை, நின்றால் மாட்டிக்கொள்வார்களே. 1885-ம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு இதைத் தனித்தனியாகவே அடுக்கியது: செய்தியை அனுப்பாமல் விடுவது ஒன்று, வழியில் கவர்வது ஒன்று, பிடித்து வைப்பது ஒன்று, அரசுக்கு வெளிப்படுத்துவது ஒன்று. இடைமறிப்பு என்று எழுதும்போது முதல் மூன்றும் கலங்கி ஒன்றாகிவிடுகின்றன. பேச்சானால் இடைக்கேட்பு, எழுத்தானால் வழியில் படித்தல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். இந்தப் பிரிவின் கீழ் யார் ஆணையிடலாம், எத்தனை நாளைக்கு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் வழிமுறை வகுத்தது. உள்துறைச் செயலர் நிலையில் ஆணை, இரண்டு மாதம், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம், மேலே ஒரு மறுஆய்வுக் குழு. அந்தக் குழு செய்ய வேண்டியதுதான் கண்காணிப்பு. அந்த வேலைக்கு அந்தச் சொல்லை மிச்சம் வைக்க வேண்டாமா?

"கண்காணிப்பு முறைகேடு" என்பதில் இரண்டாவது சொல்லும் சரியில்லை. முறைகேடு என்றவுடன் கணக்கில் கைவைத்தது நினைவுக்கு வரும், டெண்டர் நினைவுக்கு வரும். மார்ட்டின் லூதர் கிங் தங்கிய விடுதி அறைகளில் எஃப்பிஐ ஒலிவாங்கிகளை ஒளித்து வைத்ததை முறைகேடு என்றா சொல்வது? அத்துமீறல் என்று சொன்னால் எல்லை ஒன்று இருந்ததும் அது தாண்டப்பட்டதும் அதிலேயே தெரிகிறது. துஷ்பிரயோகம் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்; பொருள் பிழையில்லை, வாயில்தான் நுழையவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு வருத்தம், வினைச்சொல்லைக் கண்டாலே மொழிபெயர்ப்பாளர்கள் ஒதுங்குவது. "அரசியல் எதிரிகள் மீதான அரசுக் கண்காணிப்பு முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள்" என்று பெயர்ச்சொற்களைக் கோத்துக்கொண்டே போகிறார்கள். யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று எதுவும் அதிலிருந்து எழுந்து வருவதில்லை. "எதிர்க்கட்சியினரை அரசு அத்துமீறி வேவு பார்த்ததாகக் குற்றச்சாட்டு" என்றால் எழுவாய், செயப்படுபொருள், வினை எல்லாம் அதது இடத்தில் நிற்கும். வரியும் சுருங்குகிறது.

நண்பரின் வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "வேவு பார்க்கும் அமைப்புகளைக் கண்காணிக்க ஆளில்லாததால்தான் அவை அத்துமீறின." வேவும் அத்துமீறலும் அவருக்குப் பிடித்துவிட்டன. "ஆளில்லாததால்" பேச்சுவழக்காக இருக்கிறது, "செனட்டில் ஒரு குழு இல்லாததால்" என்று போடலாமா என்று கேட்டிருக்கிறார். 1976-ல் அப்படி ஒரு நிலைக்குழுவைச் செனட் அமைத்தது. போடலாம் என்று சொல்லிவிட்டேன்.