டாக்டரைப் பார்த்தால் விசா போகாது

வெளிநாட்டில் படிக்கிறவர்களே, கவுன்சலிங் போனால், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்தால் விசா ரத்தாகிவிடும் என்று வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். இதை எத்தனை தடவைதான் சொல்வது என்று சலிப்பாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் போன வாரமும் ஒருவர் வந்தார்.

வந்தது வயிற்று வலிக்கு. (மனச்சோர்வு எங்களிடம் அதன் சொந்தப் பெயரில் வருவது குறைவு, வயிற்று வலி, தலைவலி, படபடப்பு என்று ஏதாவது வேஷம் கட்டிக்கொண்டுதான் வரும்.) பரிசோதித்ததில் ஒன்றுமில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தவர், கதவுப்பிடியில் கையை வைத்தபடி கேட்டார்: "இங்க சொல்றது யுனிவர்சிட்டிக்குப் போகுமா டாக்டர்?" மறுபடி உட்காரவைத்து விசாரித்தால், வாரக்கணக்கில் வகுப்புக்கே போகவில்லை, விடிகிற நேரத்தில்தான் கண் அசருகிறது, அறையில் கூட இருப்பவருக்கே தெரியாது.

சரி, இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? விசாவுக்கு முன்னால் பல நாடுகள் நெஞ்சு எக்ஸ்ரே கேட்கின்றன இல்லையா, அது காசநோய்க்காக. அந்த அறிக்கை குடிவரவுத் துறைக்குத்தான் போகும். அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் வந்து சேர்ந்த பிறகு மருத்துவரிடமோ கவுன்சலரிடமோ பேசுவது உங்கள் சொந்த விஷயம். பேராசிரியருக்குப் போகாது, வயது 18 தாண்டியிருந்தால் பெற்றோருக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து, காசநோய் மாதிரி தொற்று, நீதிமன்ற உத்தரவு, இப்படிச் சில விதிவிலக்குகள்தான். கேட்டால் முதல் நாளே சொல்லிவிடுவோம்.

உண்மையில் விசாவுக்கு வேட்டு வைப்பது சொல்லாமல் வகுப்பை விடுவதுதான். அமெரிக்காவில் எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர் உடல்நலமோ மனநலமோ சரியில்லை என்றால், மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற உளவியலாளரின் கடிதத்தோடு டிஎஸ்ஓவிடம் (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) முன்அனுமதி வாங்கிப் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை. அனுமதி வாங்காமல் விட்டால் அது விதிமீறல். ஆஸ்திரேலியாவிலும் கடும் நோய்க்கு மருத்துவச் சான்றிதழ் காட்டிப் படிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கக் கல்லூரியிடம் கேட்க வழி இருக்கிறது. ஆகவே எந்தக் காகிதத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்களோ, அந்தக் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும். ஆனால் பழைய தேதி போட்டுக் கேட்காதீர்கள், கொடுக்க முடியாது.

அப்புறம், போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். பிரிட்டனில் விசா விண்ணப்பத்தோடேயே சுகாதாரக் கட்டணமும் கட்டிவிட்டு, ஜிபியிடம் (அங்கே குடும்ப மருத்துவர்) பதியாமல் வருடத்தை ஓட்டுவது என்ன கணக்கு? இன்சூரன்ஸ் தாளை ஒரு தடவையாவது படியுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாருங்கள். வழக்கமான மாத்திரையை மூலப்பெயரோடு (கம்பெனிப் பெயர் இல்லை, மருந்தின் பெயர்) எழுதிய சீட்டுடன் எடுத்துப் போங்கள், அந்த நாட்டில் அதற்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. மனச்சோர்வு மாத்திரையை "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றலும் எரிச்சலுமாக வந்து நிற்பீர்கள். பெட்டியில் கொண்டுபோன ஆன்டிபயாடிக்கை அறைத் தோழருக்குப் பங்கு வைப்பதும் வேண்டாம்.

சாக வேண்டும் என்கிற எண்ணம் வந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், தயவுசெய்து. உடனே உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்: அமெரிக்கா, கனடாவில் 988, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14. எந்த நேரமும் எடுப்பார்கள். விசா எண்ணைக் கேட்க மாட்டார்கள்.