சொல் விளக்கம்: பணயம்

2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்திய சட்டத்தைத் தமிழ் நாளிதழ்கள் பலவும் ‘ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம்’ என்று எழுதின. சட்டத்தின் பெயர் அதுவன்று. இணையவழி விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் என்பதே. அது தடை செய்வதும் ‘ஆன்லைன் மணி கேம்’ என்று அதுவே வரையறுத்துக்கொண்ட ஒன்றை. இதைச் ‘சூதாட்டம்’ என்று மொழிபெயர்த்தால் சட்டம் எங்கே மாறியது என்பதே மறைந்துபோகும். ‘பண விளையாட்டு’ என்பது கொஞ்சம் தேவலாம், ஆனாலும் போதாது. தமிழில் இதற்குப் பொருந்தும் சொல் பணயம்.

பணயம் என்றால் ஆட்டத்தில் வைத்து இழக்கத் துணியும் பொருள். வடமொழியில் ‘பண்’ என்னும் வேருக்குப் பேரம் பேசுதல், பந்தயம் வைத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘பண’ என்ற சொல் ஆட்டத்தில் வைக்கும் பொருளையும் ஒருவகை நாணயத்தையும் குறித்தது. பணம், பணயம் இரண்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பணையம் என்றும் எழுதுவதுண்டு. மலையாளத்தில் பணயம் என்றால் அடகு. கேரளத்தில் நகைக்கடன் கடைகளின் பலகைகளில் அதைப் பார்க்கலாம். தமிழில் அந்த அடகுப் பொருள் ‘பணயக்கைதி’ என்ற சொல்லில் மிச்சமிருக்கிறது. ‘உயிரைப் பணயம் வைத்து’ என்று சொல்லும்போது சூதாட்டம் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை; போனால் திரும்பாத ஒன்றை ஒருவன் முன்வைக்கிறான் என்பதுதான் பொருள்.

பந்தயம் என்ற சொல்லுக்கும் முதலில் இதே பொருள்தான். ஆனால் குதிரைப் பந்தயம், கார் பந்தயம் என்று அது போட்டியின் பெயராகவே ஆகிவிட்டதால், வைக்கும் பொருளை மட்டும் தனியே சுட்டும் கூர்மை அதற்கு இப்போது இல்லை.

சூது என்பதோ வேறு சரக்கு. வடமொழி ‘த்யூத’ என்பதன் திரிபு. இந்தியில் ஜுவா என்பதும் அதே மூலம்தான். தமிழுக்கு வந்தபின் அது வஞ்சகத்தையும் சேர்த்துக்கொண்டது. ‘சூதுவாது தெரியாதவர்’ என்று ஒருவரைப் புகழும்போது தாயக்கட்டையைப் பற்றியா பேசுகிறோம்? இப்படி ஒழுக்கத் தீர்ப்பைச் சுமந்து நிற்கும் சொல்லைச் சட்டச் சொல்லாக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. இந்தியச் சட்டம் நெடுங்காலம் சூதாட்டத்துக்கு வைத்த இலக்கணம் தமிழ் ‘சூது’க்குப் பொருந்தாதது.

அந்த இலக்கணம் இதுதான்: முடிவு அதிர்ஷ்டத்தால் அமைந்தால் சூதாட்டம், திறமையால் அமைந்தால் அன்று. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமும், தமிழ்நாட்டில் இன்றும் பேசப்படும் 1930ஆம் ஆண்டுச் சட்டமும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தன. 1968இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தை முழு அதிர்ஷ்டம் என்றது. 1996இல் தமிழ்நாட்டிலிருந்து சென்ற லட்சுமணன் வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமையின் பக்கம் போனது.

போக்கர் என்னும் சீட்டாட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கையில் வரும் சீட்டு அதிர்ஷ்டம். எப்போது விலகுவது, பணயத்தை எவ்வளவு ஏற்றுவது, எதிராளி ஏற்றுவது நல்ல சீட்டு இருந்தா, வெறும் பாசாங்கா என்று கணிப்பது திறமை. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் போக்கரைச் சூதாட்டத்திலிருந்து பெயர் சொல்லியே விலக்கியது. நாகாலாந்து 2016இல் அதைத் திறமை ஆட்டப் பட்டியலில் சேர்த்து உரிமம் வழங்கியது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் அது சூதாட்டமே என்றது. ஒரே சீட்டுக்கட்டு, ஒரே விதி; மாநில எல்லையைத் தாண்டினால் ஆட்டத்தின் சாதியே மாறிவிடும்!

பழந்தமிழுக்கு இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. திருக்குறளின் சூது அதிகாரத்தில் ‘கவறும் கழகமும் கையும் தருக்கி இவறியார்’ என்று வருகிறது. கவறு, சூதாடு கருவி. கழகம், ஆடும் களம் (இன்று அச்சொல்லைப் பெயரில் வைத்திருப்பவர்கள் மன்னிக்க). கை என்பதற்கு உரைகள் சொல்லும் பொருள் ஆடும் கைத்திறன். ஆக, திறமை சூதின் ஓர் உறுப்பு. திறமை இருப்பதாலேயே ஓர் ஆட்டம் சூதிலிருந்து வெளியேறிவிடும் என்று வள்ளுவரிடம் வாதாட முடியாது. மகாபாரதத்திலும் சகுனி திறமைசாலி. தருமனுக்கு ஆட்டத்தில் ஆசை உண்டு, தேர்ச்சி இல்லை. அந்தச் சபையில் பாஞ்சாலி கேட்ட கேள்வியும் காயைப் பற்றியது அன்று, பணயத்தைப் பற்றியது: தன்னையே இழந்துவிட்டவனுக்கு என்னை வைத்தாட ஏது உரிமை?

‘கழகம்’ சட்டத்தோடு இன்னோர் இடத்திலும் உரசுகிறது. பழைய சட்டங்கள் கண்வைத்தது ஆட்டத்தைவிட ஆடும் வீட்டை. வீட்டுக்காரர் லாபம் பார்த்தால்தான் அது ‘பொதுச் சூதாட்ட இல்லம்’. 1968 தீர்ப்பே, ரம்மியானாலும் அதை ஆடவிடும் மனமகிழ் மன்றம் அதிலிருந்து லாபம் எடுத்தால் குற்றம் நிறுவப்படலாம் என்று ஒரு வரி சொல்லி வைத்தது. ஆட்டக்காரர்கள் ‘ரேக்’ என்று சொல்வது, ஒவ்வொரு சுற்றிலும் குவியும் தொகையிலிருந்து போக்கர் இணையதளம் எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு. தளத்தின் வருமானமே அதுதான். மனமகிழ் மன்றத்துக்குச் சுவர் இருந்தது, காவலர் கதவைத் தட்டலாம். தளத்துக்குக் கதவு ஏது? இணையத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர மாநிலங்கள் திணறியதற்கு ஒரு காரணம் இது.

தமிழ்நாடு இதில் பட்ட பாடு பெரிது. பணயம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்த 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சட்ட மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றியது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று எழுதப்பட்டிருந்தன. 2023 நவம்பரில் நீதிமன்றம், சட்டம் செல்லும், அந்த அட்டவணை செல்லாது என்றது. பின்னர் வந்த விதிமுறைகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டத்தை நிறுத்தின; 2025 ஜூனில் நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

வரித்துறைக்கு இந்தத் தத்துவ விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. 2023 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் வரை ஆட்டக்காரர் செலுத்திய முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே இல்லை. அப்போது வரியையும் உள்ளடக்கி 100 ரூபாய் செலுத்தினால் 21 ரூபாய் 88 காசு வரிக்குப் போனது. போதாததற்கு நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வருமான வரியாக முன்கூட்டியே பிடித்தம். தளம் எடுக்கும் ரேக் மீது மட்டுமே வரி போட்டுவந்த தொழிலில், வரி பணயத்தின் மீதே இறங்கியது இப்படித்தான்.

2025 சட்டம் அதே வழியில் நடந்தது. திறமை, அதிர்ஷ்டம், இரண்டின் கலவை எதுவாயினும் சரி. கட்டணமோ பணமோ ‘பிற பணயங்களோ’ செலுத்தி, பதிலுக்கு ஆதாயத்தை எதிர்பார்த்து ஆடினால் தடை. டோக்கன், நாணயம் போலத் தோன்றும் புள்ளிகள் முதலிய பணத்துக்கு ஈடானவையும் இதில் அடங்கும். ‘பண விளையாட்டு’ போதாது என்றதற்குக் காரணம் இதுதான். ஆட்டம் நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் செயலிகளும் அதே அளவு மாட்டிக்கொள்ளும். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்திலோ ஆடுபவருக்கும் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பணயம் வைப்பவர் குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா என்பதில் இரண்டு சட்டங்களும் இரண்டு மனிதர்களைப் பார்க்கின்றன. ஒப்புதல் வந்த சில நாள்களிலேயே பெரிய தளங்கள் பல பணம் கட்டி ஆடும் மேசைகளை மூடிவிட்டன. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஆட்டக்காரரின் கண்ணில் முதலில் பட வேண்டியது சிறைத் தண்டனையைவிடக் கணக்கில் கிடக்கும் தொகை. அமெரிக்காவில் 2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளை அரசு முடக்கியது. ஆடியவர்கள் மீது வழக்கில்லை. ஆனால் அவற்றில் ஒன்றான ஃபுல் டில்ட் தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பத் தொடங்கியது 2014இல்தான். ஆட்டத்தில் வைக்காத பணமும் பணயமாகிவிட்டது.

எழுதுபவர்களுக்கு ஒரு பரிந்துரை. 2025 சட்டத்தின் சொல்லுக்கு ‘இணையப் பணய ஆட்டம்’ என்றே எழுதலாம். அதிர்ஷ்ட ஆட்டம் பற்றிய பழைய சட்டங்களையும் தீர்ப்புகளையும் குறிக்கும்போது ‘சூதாட்டம்’ இருக்கட்டும். கிரிக்கெட் முடிவின் மீது பணம் கட்டுவதற்குப் ‘பந்தயம் கட்டுதல்’ போதும். போக்கர் என்ற பெயரைத் தமிழ்ப்படுத்த மெனக்கெட வேண்டாம். ரம்மி நம்மிடம் ரம்மியாகவே இருக்கிறதே. பணயம் எதுவும் வைக்காமல் நான்கு பேர் செயலியில் போக்கர் ஆடினால் அதைச் சீட்டாட்டம் என்று சொன்னால் போதும்.