மழை ஆவடியில், குளிர் திருவான்மியூரில்

“ஆவடியில் அக்கா வீட்டுப் பக்கம் மழை கொட்டுகிறது, திருவான்மியூரில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் ஜில்லென்று காற்று மட்டும் வந்துவிட்டுப் போனது. பெய்யாத மழை எப்படிக் குளிர்விக்கும்?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஜூன், ஜூலை மாதங்களில் சென்னையில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். மதியத்துக்கு மேல் எதிரே கடற்காற்று நுழையும். இரண்டும் முட்டும் இடத்தில் காற்று மேலேறி மேகம் திரளும். வெயிலைக் குடித்த தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதற்கு இன்னும் விசை கூட்டுகின்றன.

சரி, குளிருக்கு வருவோம். விழும் மழைத்துளிகள் வழியிலுள்ள வறண்ட காற்றில் கொஞ்சம் ஆவியாகும். ஆவியாக வெப்பம் வேண்டும். அதைக் காற்றிடமே பிடுங்கிக்கொள்ளும். உங்கள் வீட்டு ஸ்டீல் பீரோவுக்குள் அடங்கும் காற்று ஏறக்குறைய ஒரு கிலோ. அதில் 1 கிராம் நீர் ஆவியானால் வெப்பநிலை 2.5 டிகிரி இறங்கும். 4 கிராம் என்றால் 10 டிகிரி! ஒரு டீஸ்பூன்கூட நிறையாத தண்ணீர் செய்யும் வேலை இது. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

குளிர்ந்த காற்று கனமானது. சரசரவென்று இறங்கி, தரையில் கவிழ்த்த வாளித் தண்ணீர்போல நாலாபுறமும் ஓடும், மழையை முந்திக்கொண்டு பல கிலோமீட்டர். மொட்டை மாடியில் துணி எடுக்க ஓடும்போது மண்வாசனையோடு முகத்தில் அறைகிறதே, அதுதான். போகிற வழியில் நகரத்தின் சூடான காற்றை நெம்பித் தூக்கி, புதிய மேகத்தையும் கிளப்பிவிடும். மழை வந்து சேராவிட்டாலும் காற்று வந்துவிடும்.

‘கட்டடம் பெருகினால் மழை ஓடிவிடும்’ என்பார்கள். 1970களில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அளந்தபோது, காற்று போகும் திசையில் நகரைத் தாண்டிக் கோடைமழை கூடியிருந்தது. மேல்காற்று நாளில் நமக்கு அந்தத் திசையில் இருப்பது வங்கக்கடல். நாம் கிளப்பிவிட்ட மழையில் ஒரு பங்கு மீன்களுக்குப் போகிறதோ என்று எனக்குச் சந்தேகம். மழைக்காகக் கழுதைக்குக் கல்யாணம் செய்யும் செலவில் வார்டுக்கு ஒரு மழைமானி வைக்கலாம். கடலுக்குள்ளும் நாலு மிதக்கவிடலாம்.

அப்புறம், மறுநாள். ஈரமண்ணாக இருந்தால் வெயிலில் ஒரு பங்கு அதை உலர்த்தவே செலவாகும். இங்கே மழைநீர் ராத்திரியே வடிகாலில் போய்விடுகிறது. பதினொரு மணிக்கு மாடியில் வெறுங்காலோடு நிற்க முடிவதில்லை.